ஏழு அண்ணன் தம்பி உள்ள வீட்டுப் பெண் தேவை

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு வீட்டுக்குச் சமாதானம் பேசப் போனேன். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு நியாயம் தெரியும் என்று பாளையங்கோட்டையில் இன்னும் சிலர் நம்புகிறார்கள்... என்ன செய்ய?

விஷயம் இதுதான். எங்கள் தெரு மெர்சி, மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சர். கணவன் ஜெபராஜுக்கு வண்ணார்பேட்டையில் பெயின்ட் கடை. மூன்றாவது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். மூன்றாவதும் பெண்.

நாலு மாதமாகிவிட்டது. மாமியார் வீட்டிலிருந்து கூப்பிட யாரும் வரவில்லை. ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கவில்லை. 'அப்பா எப்ப வருவாவ?' என்று கேட்டுக்கொண்டிருந்த மூத்த பிள்ளைகள் இரண்டும் இப்போது கேட்பதையே விட்டுவிட்டன.

மெர்சியின் அப்பா கேட்டுக்கொண்டதால் கிளம்பினேன். மெர்சியும் கைக்குழந்தையோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். வழியில் எனக்குப் பாடம் நடந்தது. கருவில் முதல் ஆறு வாரம் எல்லோரும் ஒரே அச்சுதானாம். அப்புறம் ஒய் குரோமோசோமில் இருக்கிற ஒரு மரபணு சிக்னல் கொடுத்தால்தான் பொதுவாக ஆண் பக்கம் வண்டி திரும்புமாம். இதைக் கேட்டதிலிருந்து மீசையைத் தடவவே கூச்சமாக இருக்கிறது.

மாமியார் முதலில் காபி கொடுத்தார். பிறகு வழக்கைச் சொன்னார். மெர்சியின் அம்மாவுக்கு நாலும் பெண். பெண் பார்த்தபோது படிப்பைப் பார்த்தார்கள், உத்தியோகத்தைப் பார்த்தார்கள், கூடப் பிறந்தவர்களை எண்ணாமல் விட்டுவிட்டார்களாம். இளைய மகன் கல்யாணத்தில் அந்தத் தப்பு நடக்காது. ஏழு அண்ணன் தம்பி உள்ள வீட்டில் பெண் வேண்டும் என்று தரகரிடம் கண்டிஷன் போட்டாயிற்று. விதைநெல் வாங்கக்கூட யாரும் இவ்வளவு விசாரிப்பதில்லை!

நான் வாய் திறப்பதற்குள் மெர்சி முந்திக்கொண்டாள்.

“அத்தை, இந்தப் பாடத்தை வருசா வருசம் நான்தான் நடத்துதேன். பொம்பள குடுக்கது எக்ஸ் மட்டுந்தான். பையன் பொறக்கணும்னா ஒய் வேணும். அது உங்க மகன்கிட்ட இருந்துதான் வரணும். மூணு தரமும் அவிய எக்ஸைத்தான் குடுத்திருக்காவ.”

மாமியார் மகனைப் பார்த்தார். மகன் ஃபேனைப் பார்த்தான். பிளஸ் டூவில் அவனும் இதைப் படித்துத்தான் பாஸ் பண்ணியிருப்பான். நாலு மாதத்தில் ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

மாமியார் பைய தொண்டையைச் செருமினார்.

“அதெல்லாம் மனுசன் கையிலயா இருக்கு, அண்ணாச்சி? கர்த்தர் குடுக்கது. இதுல ஆணென்ன, பொண்ணென்ன?”

“ஆமென்” என்று சொல்லிவிட்டு, மெர்சி குழந்தையை அவர் மடியில் வைத்தாள். மூத்த பிள்ளைகளைக் கூட்டிவர ஜெபராஜ் பைக்கை எடுத்தான்.

சமாதானம் ஆனதில் சந்தோஷம்தான். கோபமும் தீரவில்லை. நாலு மாதம் மருமகளின் குறையாக இருந்தது, மகன் பெயர் அடிபட்ட அரை நிமிடத்தில் கர்த்தருடைய சித்தமாகிவிட்டதே!