இரு கண்களும் ஒப்பிய வெண்கோடு

இதை எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் நேர்ந்துள்ளது. நண்பர்களிடம் சொல்லச் சொல்ல, இந்நிகழ்ச்சி என் வாயில் மெருகேறிக்கொண்டே போகிறது. அண்மையில் சொன்னபோது, அன்று வராத பூநாரைக் கூட்டமொன்றும் உள்ளே நுழைந்துவிட்டது. உண்மை முழுவதும் கரையுமுன், நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மாசியில், தென்னேரி ஏரிக்கரையில் நிகழ்ந்தது இது. நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். பறவை நோக்குவதில் பிற்காலத்தில் பற்றுக் கொண்டவன். என் மனைவி, காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறைக்கு நிறம் பார்த்துச் சொல்பவர். சாயமேறிய பட்டு நூலை மாதிரி நூலோடு வெயிலில் பிடித்து ஒப்பிட்டு, இது பொருந்தும், இது பொருந்தாது என்று அவர் தீர்த்த பிறகே நூல் தறிக்குப் போகும்.

அந்தத் தையில் அவருடைய வலக்கண்ணில் புரை நீக்கினார்கள். கட்டவிழ்த்த பின்னரே இடர் தொடங்கியது. வலக்கண்ணுக்கு வெள்ளை நூல் நீலம் தோய்ந்த வெண்மையாகத் தெரிந்தது. புரை நீங்காத இடக்கண்ணுக்கோ அதே நூல் பழுத்த ஓலையின் நிறம். பட்டறையில் அவர் கண்களை மாற்றி மாற்றி மூடி நூல் பார்ப்பதைக் கண்ட பட்டறைக்காரர், எங்கள் தெருவிலேயே வளர்ந்த உரிமையில் கேலி செய்தார்.

"எந்தக் கண்ணால பாக்குறன்னு முன்னாடியே சொல்லிடுக்கா. அந்தக் கண்ணுக்கு ஏத்தாப்ல சாயம் போட்டுக் குடுத்துடுறேன்."

எல்லாரோடும் சேர்ந்து என் மனைவியும் சிரித்தாராம். மறுநாள் முதல் பணிக்குச் செல்லவில்லை. இடக்கண்ணுக்கு மருத்துவர் குறித்திருந்த நாளையும் தள்ளிப் போட்டார். ஏனென்று வினவினேன்.

"இதையும் கீறிட்டா, நான் இத்தினி வருசம் பாத்த நெறம் எதுவுமே மிஞ்சாதுங்க. புதுக் கண்ணு பொய் சொன்னா யாருகிட்ட போய்க் கேக்கறது?"

வீட்டிலேயே அடைந்து கிடந்தவரை, ஒரு விடியற்காலையில் வற்புறுத்தித் தென்னேரிக்கு அழைத்துச் சென்றேன்.

ஏரி வற்றத் தொடங்கியிருந்தது. நீரின்மேல் பனி படிந்து, எது கரை, எது வானம் என்று பிரித்தறிய இயலாதபடி எல்லாம் ஒரே வெண்மையாய் மிதந்தது. அருகிலிருந்த சேற்றுத் திட்டில் பட்டாணி உப்புக்கொத்திகள் ஓடுவதும் நிற்பதுமாய் இருந்தன. உள்ளங்கையில் அடங்கும் சிறு பறவைகள். அவற்றினிடையே ஒன்று மட்டும் சற்று வெளிறி நின்றது. கடலோர உப்புக்கொத்தி வழி தவறி வந்ததோ என்று ஐயுற்றேன். இரண்டும் உருவில் உடன்பிறந்தவை போன்றவை. மார்பின் கருப்பட்டை முழுதாய்ச் சேர்ந்திருந்தால் பட்டாணி. நடுவில் விட்டுப் போயிருந்தால் கடலோரத்தது. ஆனால் குளிர்காலத்தில், இளம்பறவைகளிடம், அப்பட்டையும் மங்கி ஏமாற்றும். எஞ்சுவது கால்நிறம். மஞ்சள் சாயலாயின் பட்டாணி, கருமையாயின் மற்றது. அந்தப் பனியில் என் முதிய கண்களுக்குக் கால்களே புலப்படவில்லை.

தொலைநோக்கியை மனைவியிடம் கொடுத்தேன். வலக்கண்ணால் பார்த்து, கருப்பு என்றார். பிறகு, நான் அஞ்சியவாறே, கண்ணை மாற்றினார்.

"இல்லீங்க. மஞ்சளா இருக்குது."

தொலைநோக்கி மடியில் இறங்கியது. இங்கும் அதே கதைதானா என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

இன்னொரு சான்று உண்டென்றேன். பறக்கும்போது கடலோரத்ததன் சிறகில் வெண்கோடு ஒன்று துலங்கும். பட்டாணிக்கு அது கிடையாது. அக்கோடு தெரிந்தால் கால் கருமை; வலக்கண் சொன்னது மெய். தெரியாவிட்டால் இடக்கண் சொன்னது மெய்.

அவர் தொலைநோக்கியை மடியோடு அணைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "அப்ப அது பறக்க வேணாங்க. இப்படியே இருக்கட்டும்."

அப்படியே இருந்தோம். பறவை ஒற்றைக் காலில் நின்று உறங்கியது. பனிக்குள் எங்கோ ஒரு மாட்டின் மணி கேட்டது. வெயில் பாலில் கரையும் மஞ்சள் போல மெதுவாய்ப் பரவியது. காலம் என்பது அக்கரையோடு நின்றுவிட்டதாகத் தோன்றிற்று. அவ்வேளையில் பருந்தொன்றின் நிழல் திட்டின்மேல் விழுந்தது. கூட்டம் எழுந்தது.

மனைவி தொலைநோக்கியை உயர்த்தினார். கூட்டம் ஏரியின்மேல் வளைந்து ஒரு முறை எங்களைக் கடந்தது. அவர் கண்ணை மாற்றிக்கொண்டார். மீண்டும் வளைந்து கடந்தது. பின்பு பனி அதை வாங்கிக்கொண்டது. எனக்குத் தெரிந்தது சிறகுகளின் நடுக்கம் மட்டுமே.

"ஒண்ணுல மட்டும் கோடு இருக்குதுங்க. வெள்ளி இழை ஓட்டினாப்ல. ரெண்டு கண்ணுலயும் தெரிஞ்சுது."

பழைய கண்ணே புதிய கண்ணுக்குச் சான்று சொல்லிவிட்டது. திரும்பும் பேருந்தில் அவர் சன்னலோரம் அமர்ந்து, கையால் இடக்கண்ணை மூடியபடி வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் பட்டறைக்கு நானும் உடன் சென்றேன். பட்டறைக்காரர் வாய் திறக்குமுன், மனைவி வலக்கண்ணின் கீழ் விரலை வைத்தார்.

"இந்தக் கண்ணுப்பா. இதுக்கு ஏத்தாப்ல போடு."

பங்குனியில் இடக்கண்ணிலும் புரை நீக்கினார்கள். கடலோர உப்புக்கொத்தி என்பது நானே வழங்கும் பெயர். அதிலோ, கால்நிறம், சிறகுக்கோடு பற்றிய செய்திகளிலோ பிழையிருப்பின் கற்றறிந்த வாசகர்கள் அன்புகூர்ந்து திருத்துக. ஆயினும், அக்கோட்டை நான் காணவில்லை. அவர் கண்டார், அவர் கண்டதை நம்பியே இன்றும் அப்பறவைக்கு அப்பெயரைச் சொல்கிறேன்.