பதினாறாம் நாள் நான் படித்தது

கணவர் இறந்த வருடம், வீட்டுக்குப் புத்தகம் கொண்டுவந்த யாரையும் நான் நம்பவில்லை. எங்கள் தீவில், ரோஸ் ஹில் ஊரில், பக்கத்து வீட்டு அம்மாள் ஞாயிறு பூசைக்குத் தவறாத கத்தோலிக்கர். அவர் பிரெஞ்சு நாவல்களாகக் கொண்டுவருவார். "படி, மதாம். மனசு லேசாகும்" என்பார். நான் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி யாராவது சாகிறார்களா என்று பார்ப்பேன். பிறகு புத்தகத்தைக் கவிழ்த்து உதறுவேன். ஒருமுறை ஒரு மாதா படம் விழுந்தது. என்னை அவர்கள் பக்கம் இழுக்கப் பார்க்கிறார் என்று முடிவுகட்டி, நாவலைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். படித்த இடத்துக்கு அடையாளமாக வைத்திருந்தாரோ என்னவோ. கேட்கத் துணிச்சல் இல்லை.

நான் நம்பியது ஒரே ஒரு புத்தகத்தை. பழுப்புத் தாள் அட்டை போட்டது, முதல் பக்கங்கள் கிழிந்துபோன தமிழ்ப் புத்தகம். சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ரயில்வே அலுவலகத்திலிருந்து வந்ததும் என் கணவர் கால் கழுவி, விளக்கு ஏற்றி, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். மெதுவாகப் பக்கம் புரட்டுவார். என்ன புத்தகம் என்று ஒருமுறை கேட்டேன். "சாமி விஷயம்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் பேச்சு கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவுப் பேச்சு. தமிழ் கோவிலில் இருந்தது. சிறுமியாக இருந்தபோது கோவில் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அர்த்தம் யாரும் சொல்லித் தரவில்லை. தேவாரம் பாடும் ராகத்தில்தான் எனக்குத் தமிழ் வாசிக்க வரும். தமிழ் எழுத்தில் அச்சானது எல்லாம் சாமி விஷயம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும், அவர் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் படிக்கிறேன் என்றேன். கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. படித்தேன். பசு என்று ஒரு சொல் வந்தது. கோவில் பாட்டிலும் பசு வரும். எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். பாட்டுகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் எங்கள் பூசாரியும் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் படத்தின் முன் ஒரு பக்கம் படித்தேன். புரியாதது நல்லதாகவே இருந்தது. புரிந்த சொற்களெல்லாம் அந்த வருடம் என்னைக் குத்தின. இதைப் படிக்கும் நேரத்தில் மட்டும் அவர் அறையில் இருப்பது போல இருந்தது.

பதினாறாம் நாளுக்கு வந்துபோன அவருடைய அண்ணன் பிறகு ஒருநாள் மறுபடி வந்தார். பாம்ப்ளமூஸில் இருப்பவர், அதிகம் பேசாதவர். காப்பி குடித்துவிட்டு, "பெல்சேர், அந்தப் புத்தகத்தைக் கொடேன்" என்றார். தம்பி மனைவியை அவர் அப்படித்தான் அழைப்பார்.

"எதுக்கு அண்ணே?"

"சும்மாதான். எங்க அப்பாவோடது."

சும்மா கேட்பதற்கு யாராவது பாம்ப்ளமூஸிலிருந்து ரயில் மாறி வருவார்களா? அவர் போனதும் அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். நிலப் பத்திரம் ஏதும் இல்லை. அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும். நான் புத்தகத்தை அரிசி டின்னில் ஒளித்துவைத்தேன்.

அந்தச் சமயத்தில் கோவிலுக்கு இந்தியாவிலிருந்து ஒரு தமிழ் வாத்தியார் வந்து எங்கள் தெருவில் குடியேறினார். என்னைவிட வயதில் சிறியவர். ஒரு சாயங்காலம் நான் படித்துக்கொண்டிருந்தபோது வேலியோரம் நின்றார். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். மறுநாள் வழியில் பார்த்தபோது, தலையைக் குனிந்தபடி, அது என்ன புத்தகம் என்று கேட்டுவிட்டேன்.

"நல்ல புத்தகம்தாங்க. ரொம்பப் பயன்படும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

சாமி புத்தகத்தைப் பயன்படும் என்று யார் சொல்வார்கள்? அவரிடம் மறுபடி கேட்டால் மறுபடி மழுப்புவார். அதனால் அவருடைய மாலை வகுப்பில் சேர்ந்தேன். பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசி பெஞ்சில். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள், நான் பதினாறாம் நாள் படித்த அதே பக்கம் மெல்ல மெல்லப் புரிந்தது. கன்றுக்குக் கழிச்சல் கண்டால் என்ன கொடுப்பது என்று அதில் இருந்தது. அடுத்த பக்கத்தில் மடி வீக்கம். அதற்கடுத்ததில் வயிற்றுப் பூச்சி. புத்தகம் முழுவதும் மாட்டு வைத்தியம்.

சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் அவர் எதற்காக எனக்குப் பொய் சொன்னார்? இதில் பொய் என்றால் வேறு எதிலெல்லாம்? அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பாம்ப்ளமூஸ் போனேன். அண்ணன் கொட்டிலில் இருந்தார்.

"இது மாட்டுப் புத்தகம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ ஏன் சொல்லலே?"

"எப்படிச் சொல்றது, பெல்சேர்? அப்பா வாயிலே கேட்ட சொல் அது. நீ கழிச்சலைப் பாடுறே, பூசாரி கண்ணை மூடிட்டு நிக்கிறார். நான் குறுக்கே வந்து நிறுத்துன்னு சொல்லவா?"

"என் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அப்பா மருந்து ஊத்தும்போது கொம்பைப் பிடிக்கிறவனே அவன்தான். ஆனா வாசிக்கத் தெரியாது. தமிழ் வகுப்புன்னா ஓடிருவான். அப்பா புரட்டுற மாதிரி இவனும் புரட்டுவான், அவ்வளவுதான்."

"என்கிட்ட சாமி விஷயம்னு சொன்னாரே."

அண்ணன் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பதில் எனக்கே தெரிந்தது. கல்யாணமான புதிதில், எங்கள் வீட்டு ஆட்கள் முன்னால், அவர் சட்டையில் மாட்டு வாடை அடிப்பதாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு தன் அப்பாவின் மாடுகளைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. தினமும் அரை மணி நேரம் அப்பாவோடு உட்கார்ந்திருக்க, அதைச் சாமி விஷயம் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

"புத்தகம் எதுக்குக் கேட்டீங்க?" என்றேன்.

"இவ அடிக்கடி தீனி எடுக்க மாட்டேங்குறா. அப்பா ஏதோ அரைச்சுக் கொடுப்பார். எனக்கு மறந்துபோச்சு."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"எனக்கா? யாரையாவது கேட்கலாம்னு இருந்தேன்."

அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். சுக்கு, ஓமம், பூண்டு, பெருங்காயம். முதலில் தமிழில் படித்துவிட்டுப் பிறகு கிரியோலில் சொல்லலாம் என்று நினைத்தேன். வாயைத் திறந்ததும் பழைய ராகம்தான் வந்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் எனக்கு வேறு விதமாகப் படிக்க வராது. மாடு காதை அசைத்தது. அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் நிறுத்தாமல் பக்கத்தின் கடைசி வரை படித்தேன்.