வெள்ளைக் கல்லுக்கு அந்தப் பக்கம்

ஜெபமாலை சொல்லும்போது சேசுராஜ் ஓரிடத்தில் தவறாமல் இருமுவார். மனைவி ஜெயசீலி முதல் பாதியைச் சொல்லி நிறுத்துவாள். பதில் பாதி அவருடையது. அந்தப் பாதியின் கடைசியில் மரண நேரத்தைப் பற்றிய பேச்சு வரும். அந்த இடம் வந்ததும் இருமி, மிச்சத்தை விழுங்கிவிட்டு, "ம், அடுத்தது" என்பார்.

"மாதா காதுல விழுறது பூராம் உங்க இருமல்தான்" என்பாள் ஜெயசீலி.

வெளியே பார்க்கிறவர்களுக்கு அவர் பயந்த ஆளாகத் தெரியாது. எம். புதுப்பட்டிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாவற்றையும் காகிதத்தில் கொட்டி வெறுங்கையால் பிசறிச் சலிக்க வேண்டும். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். மருந்து அறைகள் இரண்டும் மற்றக் கட்டடங்களை விட்டு விலகி, பொட்டலில் தள்ளித் தள்ளி நின்றன. ஒவ்வொன்றையும் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த கல் வரிசை. 1957இல் வேலைக்குச் சேர்ந்த அன்றே போர்மேன் வெள்ளைத்துரை அந்தக் கல்லைக் காலால் தட்டிக் காட்டினார்.

"ஏலே, ஒரு ஆளு உள்ள இருந்தா அடுத்த ஆளு இந்தக் கல்லத் தாண்டப்படாது. என்ன நடந்தாலும் சரி. போனா ஒரு ஆளோட போகட்டும்."

வெற்றிலையை மென்றுகொண்டு அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நியாயமான விதிதான். ஆனால் அன்று முதல் அந்த அறைக்குள் உட்காரும்போதெல்லாம் முதுகுப்பக்கம் வெறிச்சென்று இருப்பதாகச் சேசுராஜுக்குத் தோன்றும். நான்கு வாசலும் திறந்தே கிடக்கும். எந்த வாசல் வழியாகப் பார்த்தாலும் ஒரு மனிதர் தெரியமாட்டார்.

1961 தீபாவளிக்கு முந்திய சீசன். ஆர்டர் குவிந்து கிடந்தது. பக்கத்து மருந்து அறையில் இருளாண்டி இருந்தார். சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். ஓடி, வெள்ளைக் கல்லோடு நின்றார்கள். உள்ளே மிச்ச மருந்து இருந்தது, எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கலாம். புகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தண்ணி... யாராச்சும் இருக்கீகளா?"

யாரும் பதில் சொல்லவில்லை. சேசுராஜும் சொல்லவில்லை. புகை அடங்கிக் கல்லைத் தாண்டியபோது குரல் நின்றுபோயிருந்தது.

அதற்குப் பிறகு அவர் சோறு பிசைவதை மறந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாவைவிட அந்தக் கேள்விதான் அவரைத் துரத்தியது. நாளைக்கு அதையே தான் கேட்க நேர்ந்தால், அப்போதும் வெளியே எல்லோரும் வாயடைத்து நிற்பார்கள்.

மணிச் சத்தமும் ஆகாமல் போயிற்று. சாகக் கிடப்பவர்களுக்குச் சாமியார் நன்மை அப்பம் கொண்டுபோகும்போது அவருக்கு உதவியான கோயில்பிள்ளை சிறு மணியை அடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். தெருவில் நிற்பவர்கள் முழந்தாளிடுவார்கள். சேசுராஜ் மட்டும் கொல்லைக்குப் போய்க் காதைப் பொத்திக்கொள்வார். சாகும் நேரத்தில் சாமியார் தடவும் அவஸ்தைப் பூசுதல் எண்ணெய் உடம்பில் பட்டால் ஆள் தாங்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கோயிலுக்குப் போகிறவர்களும் அதை நம்பினார்கள். அதனால் நோயாளிக்குப் பேச்சு நின்ற பிறகுதான் சாமியாருக்கு ஆள் அனுப்புவார்கள்.

மறு வருடம் ஈஸ்டருக்கு முந்திய தவசுகாலத்தில் சேசுராஜ் விஷக்காய்ச்சலில் விழுந்தார். வாரங்கள் போயும் இறங்கவில்லை. வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். ஜெயசீலி கணவரிடம் கேட்காமலே கோயிலுக்கு ஆள் அனுப்பிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள்.

மத்தியானம் மணிச் சத்தம் தெருவுக்குள் திரும்பியது. பாயில் கிடந்தவருக்கு அது எந்த வீட்டுக்கு வருகிறதென்று புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தி நாதாங்கியைப் போட்டார்.

எதிர்வீட்டு வீரலட்சுமி குரல் கேட்டது. "ஏ மதினி, சீக்கிரம் வாங்க! சாமியாரு வாசல்ல நிக்காக, அண்ணாச்சி கதவ அடைச்சிட்டாக! கடன்காரன் வந்தாக்கூட இம்புட்டு வேகமா எந்திரிச்சிருக்க மாட்டாக!"

சாமியார் ஊருக்குப் புதிது. சேசுராஜைவிட வயதில் இளையவர், கடற்கரை ஊர்க்காரர். கம்பெனிகளில் வெடித்துப் பார்க்கும் சத்தம் கேட்டால் பூசை நடுவிலேயே துள்ளுவார்.

"சேசுராஜ், கதவத் தொறயும்."

"எனக்கு ஒண்ணுமில்ல சாமி. காய்ச்சல் விட்டுருச்சு. போயிட்டு வாங்க."

"விட்ட ஆளு கொரலா இது?"

"அந்த எண்ணெய் வேண்டாம் சாமி. பூசுனா போயிருவேன்."

"பூசாத ஆளுகளும்தான் போறாக."

அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு கம்பெனியில் அணுகுண்டு வெடி ஒன்றை வெடித்துப் பார்த்தார்கள். வெளியே ஏதோ உருண்டது, பானை உடைந்தது, "யேசுவே!" என்று ஓர் அலறல்.

"சாமி? அடிபட்டுச்சா?"

"இல்ல. உம்ம வீட்டுத் தண்ணிப்பானதான் போச்சு." சாமியார் மூச்சு வாங்கினார். "எனக்கும் சாவுன்னா பயம்தான்யா. கதவத் தொறயும். தனியா நிக்க முடியல."

சேசுராஜுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். "வேண்டாம் சாமி. இது ஒட்டுற காய்ச்சல். போனா ஒரு ஆளோட போகட்டும்."

"அது யாரு சொன்ன கணக்கு?"

"கம்பெனி விதி. கல்லத் தாண்டி ஒருத்தரும் வரப்படாது. இருளாண்டி கேட்டான் சாமி, யாராச்சும் இருக்கீகளான்னு. நாங்க அம்புட்டுப் பேரும் வெளியதான் நின்னோம்."

சாமியார் கதவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னார்.

"நம்ம ஆண்டவரு வெளிய நின்னு வேடிக்க பாக்கல சேசுராஜ். சாவுக்குள்ளயே எறங்கி வந்தாரு. ஒருத்தரும் தனியாப் போகப்படாதுன்னுதான் வந்தாரு. நீரு தொறந்தா அவரும் வாராரு, அவரு பின்னால நானும் வாரேன். எனக்குத் தெரிஞ்ச விதி அம்புட்டுதான்."

நாதாங்கி கழன்று விழுந்த சத்தத்தை வீரலட்சுமி எதிர்வீட்டிலிருந்தே கேட்டாள்.

சாமியார் பாயிலேயே உட்கார்ந்தார். லத்தீனில் முணுமுணுத்துக்கொண்டு கண், காது, மூக்கு, உதடு என்று வரிசையாகத் தொட்டார். உள்ளங்கையில் பூசும்போது, ரேகைக்குள் ஏறிப்போயிருந்த அலுமினியப் பவுடர் எண்ணெயில் கலந்து சாமியாரின் கட்டைவிரல் சாம்பல் நிறமாயிற்று. அவர் அதைத் துடைக்கவில்லை. கடைசியாகப் பாதங்கள். சேசுராஜ் கூச்சத்தில் காலை இழுத்தார், சாமியார் விடவில்லை. அந்த மருந்து அறையில் உட்கார்ந்த நாள் முதல் வெறிச்சென்று கிடந்த முதுகுப்பக்கம் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் ஜெபமாலை சொன்னபோது ஜெயசீலி இருமலுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. உடைந்த குரலில் முழுவதையும் சொல்லி முடித்தார்.

"பயம் போயிருச்சாங்க?"

"எங்க போகுது? இங்கனதான் கெடக்கு. கெடந்துட்டுப் போகுது."

அடுத்த வாரமே காய்ச்சல் இறங்கியது. எண்ணெய் பூசியும் பிழைத்தவர் என்று அவரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வீட்டில் வேறு வருமானம் இல்லை. உடம்பு தேறியதும் மருந்து அறைக்கே திரும்பினார்.

1966இல் ஒரு காலை. இருளாண்டி இருந்த அறையில் அப்போது செல்லப்பாண்டி வேலை பார்த்தார். சேசுராஜ் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது வெடித்தது. எல்லோரும் ஓடி வெள்ளைக் கல்லோடு நின்றார்கள். சேசுராஜ் நிற்கவில்லை.

"ஏலே சேசுராசு! தாண்டாதலே! உள்ள மருந்து கெடக்கு!" வெள்ளைத்துரை கத்தினார்.

சேசுராஜுக்கும் அது தெரியும். வாய் தன்னால் ஜெபமாலையின் அந்தப் பதில் பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தது. புகைக்குள் குனிந்து தேடி, தண்ணீரில் நனைந்த தன் துண்டைப் பிழிந்து செல்லப்பாண்டி உதட்டில் விட்டார். உடம்பில் தொட இடமில்லை. பாதங்கள் மட்டும் வேகாமல் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"யாரு...?"

"நாந்தான்லே, சேசுராசு. உள்ளதான் இருக்கேன்."

மூலையில் வெடிக்காத மருந்து ஒரு குவியல் இருந்தது. அதன் பக்கத்தில் காகிதத்தின் ஓரம் கனன்றுகொண்டிருந்தது. சேசுராஜ் அதைப் பார்த்தார். எட்டிக் காலால் மிதித்து அணைத்தார்.

"கை ஏன் அண்ணாச்சி இப்பிடி நடுங்குது?"

"பயம்லே."

"பெறகு எதுக்கு வந்தீக?"

"பேசாமக் கெட. வண்டி வருது."

வண்டி வரும்வரை அவர் கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. பாதத்தை விடவில்லை.