போர்ட் வெல்டில் கடல் வற்றிய காலை

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு சிறிய சுற்றுலா அலுவலகத்தில் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து பன்னிரண்டு தமிழர்கள் போர்ட் வெல்ட் என்ற பழைய துறைமுகத்தைப் பார்க்க வரவிருந்த வாரம், எங்கள் வழிகாட்டி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். முதலாளி பயணத்தையே ரத்து செய்யப் போனார்.

“நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணே.”

“நீயா? டிக்கெட் கவுண்டர்ல பேசவே ஒனக்கு வாய் வராது லா!”

“வரும். ஞாயித்துக்கிழமை பாருங்க.”

மறுநாளே விடுப்பு எடுத்து, தைப்பிங்கில் பஸ் மாறி போர்ட் வெல்டுக்குப் போனேன். கரிச்சூளையில் இருந்த சீன அக்கா, சதுப்புநில மரம் கரியாகும் விதத்தை மலாயில் விளக்கினார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து, ஈப்போவின் சிலிபின் பகுதியில் இருந்த என் வீட்டுக் குளியலறையில் உரக்கச் சொல்லிப் பழகினேன். ஆனால் கடல் எப்போது வற்றும் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிறன்று வேனிலிருந்து இறங்கினால் ஆற்றுமுகத்தில் தண்ணீரே இல்லை. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

“இந்தச் சேத்தப் பாக்கவா இவ்வளவு தூரம்?” என்றார் கண்ணாடி போட்ட ஓர் அம்மா.

டிரைவர் கிசுகிசுத்தார்: “திரும்பிடலாமா?”

“வேணாம் அண்ணே. தண்ணி வரட்டும்.”

எல்லோரையும் ரயில் நின்றுபோன நிலையத்துப் பெயர்ப்பலகைக்கு அழைத்துப் போனேன். அதில் எழுதியிருந்த நான்கு மொழிகளில் ஒன்று தமிழ். பழகி வைத்திருந்த பேச்சு மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“எங்கப்பா இந்த லைன்லதான் வேல செஞ்சாரு. இதே சேத்துல எறங்கி, தண்டவாளத்துக்கு அடியில மக்கிப்போன சிலிப்பர் கட்டைய மாத்துவாங்க. தோள்ல தூக்கிட்டு வரணும். அவர் மாதிரி ஆளுங்க படிக்கிறதுக்குத்தான் இந்தத் தமிழ்.”

“அப்பா இருக்காரா?” என்றார் அதே அம்மா.

“இல்லம்மா. நாலு வருசமாச்சு.”

நான் நிறுத்தவில்லை. சுரங்கத்துத் தகரம் ஏற்றிப் போன ரயிலை, கப்பல்களை, சூளைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நடுப்பகலுக்குமேல் தண்ணீர் ஏறியது. படகில் கடல் திறக்கும் இடம் வரை போனோம்.

திங்களன்று முதலாளி அழைத்தார். “இன்னொரு குரூப் ஒன்னத்தான் கேக்குறாங்க. போறியா?”

“போறேன் அண்ணே. ஆனா, ‘வழிகாட்டி’ன்னு எம்பேர் போட்டு ஒரு அட்டை அடிச்சுக் குடுங்க.”

முதலாளி அச்சகத்துக்குப் போன் செய்தார்.