கீழே பிடிப்பவர்

பீரோவைத் தொடுவதற்கு முன்னால் படிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பார். வெறுங்கையோடு மேலே ஏறுவார். பிறகு, முகம் மேலே பார்த்தபடி இருக்க, பின்பக்கமாகவே இறங்குவார். திருப்பங்களில் நின்று, கைப்பிடிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் முழங்கையை நீட்டி அகலம் பார்ப்பார். அளவு நாடா கிடையாது. இறங்கி வந்ததும் வீட்டுக்காரரிடம், "போகும்" என்பார். இல்லாவிட்டால், "கதவைக் கழட்டினா போகும்" என்பார். போகாது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பது தொழில். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உடம்பு. கூட வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மெதுவா'. பாரம் தோளில் ஏறியதும் அவர் வாய் தானாகத் தொடங்கிவிடும்: "மெதுவா... மெதுவா... சுவரு எங்கயும் ஓடிப் போயிடாது." இதை அவர் பீரோவிடம் சொல்கிறாரா, மச்சினனிடம் சொல்கிறாரா என்பது பல வருடங்களாகத் தீராத சந்தேகம்.

மச்சினன்தான் அவருடைய ஜோடி. மனைவியின் தம்பி, வாய் கொஞ்சம் நீளம். அகலமான துணிப் பட்டையைச் சாமானுக்கு அடியில் கொடுத்து, ஆளுக்கொரு முனையைத் தோளில் மாட்டி, மார்புக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிக்கொண்டு படி இறங்குவார்கள். மச்சினன் மேலே, இவர் கீழே. கீழே நிற்பவர் மேல்தான் பாரம் முழுவதும் சாயும். அந்த இடத்தை இவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பட்டை எப்போதும் இடது தோளில்.

ஒருநாள் வலது தோளில் மாட்டினார்.

"என்ன மாமா, புது ஸ்டைலா?"

"தோளும் செருப்பு மாதிரிதான் மாப்ளே. ஒரே பக்கமா தேயக் கூடாது."

மச்சினன் சிரித்தான். உண்மை வேறு. இடது மார்புக் காம்புக்கு அடியில் கெட்டியாக ஏதோ ஒன்று இருந்தது. குளிக்கும்போது சோப்பு வழுக்கி விரல் அதன்மேல் நின்றது. வருடக்கணக்காகப் பட்டை அழுத்திய இடம், காய்த்துப் போயிருக்கும் என்று அவரே முடிவு கட்டினார். உள்ளங்கை காய்க்கவில்லையா, அது மாதிரி. பட்டையை மாற்றிவிட்டால் கரைந்துவிடும். பட்டையை மாற்றினார், அது கரையவில்லை. வலியும் இல்லை. வலித்திருந்தால் ஓடியிருப்பார். வலிக்காததுதான் மனிதனை உட்கார வைத்து ஏமாற்றும்.

வீட்டில் வெற்று மார்போடு, தோளில் துண்டோடு திரிகிறவர், கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டையோடு சாப்பிட உட்கார்ந்தார். மின்விசிறி ஓடாத நாளிலும் அப்படித்தான். மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவர். நாளெல்லாம் யார் கால்சட்டையை நனைத்துவிட்டு ஓரமாக நிற்கிறது, யார் எதை மென்று விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தேறிய கண். அதற்கு முன்னால் இந்தச் சட்டை எம்மாத்திரம்? போதாததற்கு, துவைக்கப் போட்ட பனியனில் ஒரு பழுப்புக் கறை. அடுத்த வாரமும், அதே இடத்தில்.

"இது என்ன கறை?"

"டீ சிந்திடுச்சு."

"டீயை நெஞ்சாலயா குடிக்கிறீங்க? சட்டையில ஒரு சொட்டு இல்ல, உள்ள போட்ட பனியன்ல மட்டும் எப்படி?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"ரத்தம் டீ கலர்லதாங்க காயும். நான் குழந்தைங்க துணி துவைக்கிறவ. எங்கிட்டயே கதை விடறீங்க. சட்டையைக் கழட்டுங்க."

கழற்றவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். பின்னாலேயே போன மனைவியிடம், தெருவைப் பார்த்தபடி, கடைசியில் பாதியைச் சொன்னார். அந்தப் பாதியும் அந்த இடத்தின் பெயர் இல்லாமல்: "அங்க என்னமோ இருக்கு. இது பொம்பளைங்களுக்கு வர்ற சமாச்சாரம். எந்த டாக்டர்கிட்ட போய், எந்த வரிசையில நிக்கிறது? கூட வேலை செய்யற பசங்களுக்குத் தெரிஞ்சா மூட்டையோட சேர்த்து என்னையும் தூக்கிப் போட்டு சிரிப்பானுங்க."

"எந்த வரிசையா இருந்தா என்ன? நின்னா போதும்."

"போறேன், போறேன். மெதுவா போவோம்."

"மெதுவாவை எல்லாம் படிக்கட்டோட வெச்சுக்குங்க. நாளைக்கே போங்க."

போனார். அதுதான் வேடிக்கை. மறுநாள் காலை வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் தெருமுனை டாக்டரிடம் போனார். முகம் தெளிந்து திரும்பி வந்தார். "பார்த்துட்டேன். ஒண்ணும் இல்லையாம். தடவ மருந்து கொடுத்திருக்காரு." மனைவிக்கு மூச்சு வந்தது. டியூபை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எங்க தடவணும்?"

"முட்டியில."

டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தவர், "என்ன பண்ணுது?" என்று கேட்டதும் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக் காட்டிவிட்டார். பொய் சொல்லவில்லை, முட்டியும் வலிக்கத்தான் செய்தது. இப்படி எத்தனையோ பேர் உண்டு. டாக்டரிடம் போவார்கள், காட்ட வேண்டியதை மட்டும் காட்டமாட்டார்கள். போய்வந்த களைப்பே குணமான மாதிரி இருக்கும். மனைவி டியூபை அலமாரியில் வைத்தார்.

வலது தோளுக்குப் பட்டை பழகவில்லை. காலும் பழகவில்லை. இடது தோளில் பாரம் இருக்கும்போது வலது கால் முதலில் படியைத் தேடும், வருடக்கணக்காக அப்படி. ஒரு குறுகலான திருப்பத்தில், கண்ணாடி பதித்த பெரிய பீரோவோடு, அந்தக் கால் தப்பான நேரத்தில் படியைத் தேடியது. பீரோ சாய்ந்தது. பிடிக்க இடது கையை உயர்த்தினார். பீரோவின் விளிம்பு மார்பில், சரியாக அந்த இடத்தில், இடித்தது. கை தானாகச் சுருங்கிக்கொண்டது. பாரத்தின் இழுப்பில் மேலே இருந்தவன் முன்னால் சரிந்தான். பீரோவுக்கும் கம்பிக்கும் நடுவில் அவன் விரல்கள்.

"மாமா! மாமா, தள்ளு!"

முட்டியைக் கொடுத்து, தோளைக் கொடுத்து, எப்படியோ முட்டுக்கொடுத்துவிட்டார். விரல்கள் தப்பின, தோல் உரிந்ததோடு போயிற்று. பீரோவைத் தரையில் இறக்கினார்கள். அவர் சட்டையில், இடது பக்கம், மெல்ல ஒரு ஈரம் பரவியது. மச்சினன் அதைப் பார்த்தான். நீளமான வாய், அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விரலை ஊதிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்:

"நாளையிலேர்ந்து நான் கீழே நிக்கிறேன். நீங்க மேலே பிடிங்க மாமா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று வேலை முடிந்து வந்தவர் நேரே சமையலறைக்குப் போய், மனைவியின் எதிரே நின்று சட்டையைக் கழற்றினார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, விரல் வைத்துப் பார்த்தார். ஊறாத கொண்டைக்கடலை மாதிரி கெட்டி. தள்ளினால் நகரவில்லை. காம்பு, இழுத்துத் தைத்த பொத்தான் போல உள்ளே போயிருந்தது. மனைவி அழவில்லை. அழுதால் இவர் மறுபடி சட்டையைப் போட்டுவிடுவார் என்று தெரியும்.

"எவ்வளவு நாளா?"

"பட்டையை மாத்தறதுக்கு முன்னாலேர்ந்து."

"காலையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் வர்றேன். உங்க முட்டி வீட்லயே இருக்கட்டும்."

அவர் சிரிக்க முயன்றார். "நான் எப்படி சொல்வேன்?"

"நீங்க வாயைத் திறக்க வேணாம். எல்லாத்தையும் நானே சொல்லிடறேன்."

காலையில், மார்பகப் பிரிவின் நீளமான தாழ்வாரத்தில், நாற்காலி முழுக்கப் பெண்கள். சுவரில் மாட்டியிருந்த படத்திலும் பெண்கள். அவர் ஒருவர்தான் ஆண். தரையில் எந்தக் கல் விரிசல் விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் தொடைக்கு அடியில். இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டார். மூன்றாவது தடவை எழுந்தால் திரும்பி வரமாட்டார் என்று மனைவிக்குத் தோன்றியது. கணவரின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்து நாற்காலிப் பெண், தலையில் துணி சுற்றியிருந்தவர், மனைவியின் கையைத் தட்டினார். "பயப்படாதம்மா. உனக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுக்காரரு கூடவே உட்கார்ந்திருக்காரே, அதுவே பெரிய பலம். எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரி கேட்டோட நின்னுட்டாரு."

"ஆமாங்க்கா" என்றார் மனைவி. வேறு என்ன சொல்வது? கணவர் காதிலும் அது விழுந்தது. முகம் காது மடல் வரை சிவந்தது. தொடைக்கு அடியிலிருந்து கைகள் வெளியே வந்தன.

கதவு திறந்தது. நர்ஸ் எண்ணைப் படித்துவிட்டு மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். "நீங்க வாங்கம்மா. சார் வெளியே இருக்கட்டும்."

"இல்ல சிஸ்டர், வந்து..." என்று மனைவி பாதி எழுந்தார்.

அவர் எழுந்து, மனைவியின் தோளில் கை வைத்துத் திரும்ப நாற்காலியில் உட்கார வைத்தார்.

"எனக்குத்தாம்மா" என்றார். தாழ்வாரத்தின் கடைசி நாற்காலி வரை கேட்கும் குரல். "இடது மார்புல கட்டி."

தலைகள் எல்லாம் திரும்பின. அவர் வலது உள்ளங்கையை எடுத்து, எந்த இடம் என்று யாருக்கும் சந்தேகம் வராதபடி, சட்டையின் மேல் அழுத்தி வைத்துக் காட்டினார்.