மேற்கு வாசல் வாங்கித் தந்த பிச்சைமணி

எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு ஒரே பிளாட்பாரம், ஒரே டிக்கெட் ஜன்னல், கிழக்கே பார்த்த ஒரே வாசல். மேலத்தெருக்காரர்கள் தினமும் ரயில்வே கேட்டைச் சுற்றி, கீழத்தெரு வழியாகத்தான் தேனி வண்டியைப் பிடிக்க வேண்டும்.

1936இல் ஒரு நாள் காலை, கீழத்தெருச் சுருளியாண்டி தன் தங்கை புருஷனான மேலத்தெருப் பிச்சைமணியைப் பார்த்து, "எங்க வாசல்ல செருப்பக் கழத்திட்டு ஏறுங்க மாப்ள" என்றார். கேலிதான். பிச்சைமணியின் கையில் புல்லறுக்கும் அருவாள் இருந்தது. மச்சானின் இடது காது பிளாட்பாரத்தில் விழுந்தது. பதிலுக்குக் கீழத்தெரு ஏழு மண்டைகளை உடைத்தது. ஸ்டேஷன் மாஸ்டர் டிக்கெட் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டார்.

பிச்சைமணிக்கு ஆறு வருஷம் ஜெயில். அதற்குள் ரத்தம் கழுவி அலுத்துப்போன ரயில்வே, மேற்கிலும் ஒரு வாசல் திறந்துவிட்டது. அதில் ஒருநாள் நிமிர்ந்து நுழைய வேண்டும் என்ற ஒரே ஆசையில் அவர் கல் உடைத்தார்.

விடுதலையான அன்று வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்து நுழைந்தார். பிளாட்பாரத்தில் ஒற்றைக் காதோடு சுருளியாண்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் வெறும் ஜல்லி.

"வாங்க மாப்ள. வாசல் ஒங்களுதுதான். தண்டவாளத்தத்தான் ஜெர்மன் சண்டைக்கு இரும்பு வேணும்னு வெள்ளைக்காரக பேத்துட்டுப் போயிட்டாக."

பிச்சைமணி மச்சானின் வலது காதையே பார்த்துக்கொண்டு நின்றார்.