எதிர்வீட்டிலிருந்து ஒரு ரிட்டர்ன்

ஆன்லைனில் நைட்டி விற்கிறேன். ரிட்டர்ன் வருவதைக் கவனிக்க எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று பார்க்க, ஒன்றை ஒரு வாரம் இலவசமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை எதிர்வீட்டு லில்லி அக்கா, என்னிடம் வாங்கிய நைட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். எங்கள் வீடு கேரளத்துப் பாறசாலை. சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர் வீடு தமிழ்நாடு.

"மக்கா, இது இறுக்கமா இருக்கு. பிடி."

"கையில வாங்கப்பிடாதுக்கா. உங்க வீடு வேற மாநிலமாக்கும். போன்ல ரிட்டர்ன் போடுங்க, அஞ்சு நாள்ல கூரியர்காரன் வந்து எடுப்பான்."

"நான் உனக்க முன்னாலதான நிக்கேன்?"

"அது சாஃப்ட்வேருக்குத் தெரியாதுல்லா."

என்னை முறைத்துக்கொண்டே அக்கா தன் போனைத் தட்டினார். உடனே என் போன் மணியடித்தது.

பட்டியலில் அவர் தேர்ந்தெடுத்திருந்த காரணம்: 'கடைக்காரரைத் தொடர்புகொள்ள முடியவில்லை.'

லில்லி அக்காவைச் சமாளிக்கும் சாஃப்ட்வேர் ஏதாவது உண்டென்றால் கமெண்டில் சொல்லுங்கள். அவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.